ஆடியில் போடாத கையெழுத்து

என் பேத்தி இந்த நாட்டுப் பிள்ளை இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர், நான் போட்டுக்கொடுத்த கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னார்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாய்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் மண்டபம் பல வருடம் மொட்டையாக நின்றது. மழை வந்தால் சபை கூட முடியாது, வெயில் வந்தால் பிள்ளைகள் மயங்கி விழும். கூட்டம் போட்டுப் போட்டுத் தேநீர் குடித்தார்களே தவிர, ஒருவனும் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நான்தான் என் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியில் இரும்பை ஏற்றிக்கொண்டு போய், என் ஆட்களை நிறுத்தி, சாரத்தில் நானே ஏறி நின்று வேலையை முடித்தேன். திறப்பு விழாவில் இதே தலைமையாசிரியர் எனக்கு ஆளுயர மாலை போட்டு, மைக்கைப் பிடித்து, வள்ளல் என்றார். அந்த வாய்தான் இப்போது வேறு பேசியது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி பேத்திக்கு சிட்டிசன் இல்ல. நான் எப்படி முதலாம் ஆண்டுல பேரைப் போடுறது?"

"பிள்ளை எங்க பொறந்துச்சு?"

"இங்கதான்."

"அப்பன் யாரு?"

"உங்க தங்கச்சி மகன்."

"அவன் எந்த நாட்டுக்காரன்?"

தலைமையாசிரியர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "ஐயா, சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"சட்டம் மேல இருந்து ஒழுகுதா, கீழ இருந்து ஒழுகுதா? கூரையைப் போட்டவன் நான். சொல்லுங்க, அடைச்சுடுறேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. காஹாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். எஸ்டேட்டை நினைத்துக் கண்ணீர் விட்டு எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு அந்த இடத்தை நினைத்தாலே எரிச்சல்தான் வரும். வரிசை வீட்டு லயத்து வாழ்க்கையில் எது நன்றாக இருந்தது என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், ஒரு வாரம் அங்கே குடியிருந்துவிட்டு வந்து சொல் என்பேன். அங்கிருந்து நான் கொண்டுவந்த உருப்படியான சாமான் ஒன்றே ஒன்று. என் பிறப்புப் பத்திரம். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரலைத்தான் உருட்டுவார். நான் பிறந்ததும் எஸ்டேட் குமாஸ்தா கிராணியிடம் போய் நின்றார். அடுத்த வாரம் வா என்றான் கிராணி. அப்பா அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கவில்லை. பால்வெட்டு வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு நடந்து போய், போலீஸ் ஸ்டேஷனில் என்னைப் பதிந்துவிட்டு வந்தார். அதற்காக அன்றைக்குப் பேர் போடவில்லை, கூலி கிடையாது. அவருக்கு அரை வயிறு. அவர் உருட்டிய அந்தப் பெருவிரலை வைத்துத்தான் நான் அடையாள அட்டை ஐசி எடுத்தேன், லைசென்ஸ் எடுத்தேன், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளின் கழிவு இரும்பை ஏலம் எடுத்தேன். இன்றைக்கு என்னை மாசாயில் தவுக்கே, முதலாளி என்று கூப்பிடாத ஆள் கிடையாது. நான் கோயில் கமிட்டித் தலைவர். என் வீட்டில் நுழைகிற அரசியல்வாதி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவான்.

அப்படிப்பட்ட என் குடும்பத்தில், படித்த பயல் ஒருவன், பெருவிரல் உருட்டியவருக்கு இருந்த புத்தி இல்லாமல் ஒரு பிள்ளையை நாடில்லாமல் நிறுத்தியிருக்கிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

நடந்தது இதுதான். என் தங்கை மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டுகிற ஆயிரம் பேரில் ஒருத்தன். அவனுக்கு மேடானில் உறவு வழியில் பெண் பார்த்தார்கள். அங்கேயும் நம் சனம் இருக்கிறது, அம்மன் கோயில் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, பெண் நல்ல தமிழ்ப் பெண், பாஸ்போர்ட் மட்டும் இந்தோனேசியா. கோயிலில் தாலி கட்டினார்கள். மேளம், விருந்து, வீடியோ, எல்லாம் வண்டி வண்டியாக நடந்தது. அரசாங்கத்தில் பதிவு செய்ய மேடானிலிருந்து சில பத்திரங்கள் வரவேண்டியிருந்தது, அது இழுத்தது. கடைசியில் பதிவு அலுவலகத்தில் தேதி கொடுத்தார்கள். அதற்குள் மருமகள் நிறைமாதத்தை நெருங்கிவிட்டாள்.

தேதி ஆடி மாதத்தில் விழுந்தது.

என் தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். ஆடியில் நல்ல காரியம் கூடாது. தாலி நல்ல முகூர்த்தத்தில் ஏறியிருக்கிறது, இந்தக் கையெழுத்தை ஆடியில் போட்டு அதைக் கெடுப்பானேன்? ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் போட்டுக்கொள்ளலாம், பிள்ளை ஆவணிக் கடைசியில்தானே, டாக்டரே சொல்லியிருக்கிறாரே. மகன் அம்மா பேச்சைத் தட்டவில்லை. தேதியை மாற்றிக்கொண்டு வந்தான். பிள்ளை ஆவணிக்குக் காத்திருக்கவில்லை. ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, குறைமாதத்தில், பெண்ணாகப் பிறந்துவிட்டது.

ஆவணியில் முகூர்த்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்து புருஷன் பெண்டாட்டிக்கு உதவியது. பிள்ளைக்கு உதவவில்லை. பிறந்த நாளில் அப்பனும் அம்மாவும் சட்டப்படி கல்யாணம் ஆகாதவர்கள், ஆகவே பிள்ளை அம்மாவின் பக்கம், அம்மா வெளிநாட்டுக்காரி. பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் அல்ல என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். மனுப் போட்டார்கள். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்தது, விழுந்தது, மறுபடி முளைக்கத் தொடங்கியது. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இதெல்லாம் என்னிடம் மறைக்கப்பட்டது. கேட்டிருந்தால் அந்த ஆடியிலேயே இரண்டு பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட வைத்திருப்பேன். பள்ளிச் சேர்க்கை என்று வந்தபோதுதான் என் தங்கை என் கடைக்கு வந்து அழுதாள்.

"அண்ணே, ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. நான் பயந்துதான் சொன்னேன்."

"அம்மி பறந்துச்சோ இல்லையோ, பிள்ளையோட நாடு பறந்துபோச்சு. போதுமா?"

"திட்டுறதுன்னா திட்டிக்கோ. பிள்ளையை மட்டும் பள்ளிக்கூடத்துல சேர்த்து விட்டுரு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் பினாபோர் வாங்கியாச்சு. தினமும் வீட்டுக்குள்ள போட்டுக்கிட்டுத் திரியுது. கழட்டச் சொன்னா அழுவுது."

பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பெயர் பதிந்தாகிவிட்டது. இந்தப் பிள்ளை ஒருத்திக்கு மட்டும் நாற்காலி இல்லை.

தலைமையாசிரியரிடம் போய் வந்த கதையைத்தான் மேலே சொன்னேன். அதற்குப் பிறகு என் கணக்குப்பிள்ளை ஒரு வக்கீல் பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஜொகூர் பாருவில் இருக்கிறாள், யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், பத்திரமில்லாத பிள்ளைகளுக்காக இலவசமாக வழக்குப் பார்க்கிறாள் என்றார். இலவசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் போனேன்.

முப்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். என்னைப் பார்த்ததும், "வாங்க அங்கிள், உக்காருங்க" என்றாள். நான் யாருக்கும் அங்கிள் இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுடைய உரிமைகளுக்கென்று ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கின்றன என்றாள். பிறந்த உடனே பதிவு, பெயர், நாட்டுரிமை, இலவசமாகத் தொடக்கப் படிப்பு, எல்லாம் அதில் உண்டாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, அந்த உலக சபைக்கு மாசாய் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது அங்கிள். ஆனா உங்க பேத்தியைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்க."

"எழுதி வெச்சு? நம்ம நாடு அதுல இருக்கா இல்லையா?"

"இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கு."

"அப்புறம் என்ன கோளாறு? எடுத்துட்டுப் போய் அந்த ஹெட்மாஸ்டர் மூஞ்சியில காட்டு."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "போட்டிருக்கு அங்கிள், ஆனா சில பகுதிகளுக்கு நாங்க கட்டுப்பட மாட்டோம்னு எழுதிட்டுப் போட்டிருக்கு. நாட்டுரிமை அதுல ஒண்ணு. இலவசத் தொடக்கப் படிப்பு இன்னொண்ணு."

நான் வாழ்நாள் முழுவதும் கையெழுத்துப் போட்டே தின்றவன். படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தையும் ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் போடுவேன். போட்டபின் நட்டமோ லாபமோ முழுதும் என் தலையில். ஒரு தடவை ஏலத்தில் எடுத்த கொதிகலனுக்குள் பாதி சிமெண்ட் இருந்தது. நான் போய் இந்தப் பாதி எனக்கு வேண்டாம் என்று சொன்னேனா?

"அப்படின்னா லாரியை வாங்கிக்கிறோம், பிரேக்கு மட்டும் வேணாம்னு சொல்லி இருக்கானுங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. "சிரிக்காதம்மா. அந்த லாரியிலதான் என் பேத்தி உக்காந்திருக்கா."

"சாரி அங்கிள்." முகத்தைச் சரி செய்துகொண்டாள். "ஆனா ஒண்ணு. மூணாவது விதியை நம்ம நாடு ஒதுக்கல. அது அப்படியே நிக்குது. பிள்ளைங்க சம்பந்தமா யார் எந்த முடிவு எடுத்தாலும், அந்தப் பிள்ளையோட நன்மையைத்தான் முதல்ல பாக்கணும். அதைச் சொல்லி நேரா கதவை ஒடைக்க முடியாது. தட்ட முடியும்."

மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு மூன்றாவது விதி போதும் என்று எழுந்தேன்.

கல்வி அலுவலகத்துக்கு நாங்கள் ஒரு பட்டாளமாகப் போனோம். நான், தங்கை, அவள் மகன், மருமகள், பிள்ளை, வக்கீல் பெண். மகன் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டிருந்தான். வழியெல்லாம் கைப்பேசியைத் தடவிக்கொண்டே வந்தான். "உன் பாஸ்போர்ட்டைத் தினமும் ரெண்டு தடவை காட்டுறியேடா, உன் மகளுக்கு ஒண்ணு வேணும்னு ஒரு நாளாவது தோணுச்சா?" என்று கேட்டேன். "மாமா, அம்மா சொன்னாங்க..." என்றான். "உங்கம்மா சொல்லித்தான் மூச்சு விடுறியா?" என்றேன். அதன்பிறகு அவன் கைப்பேசியையும் தொடவில்லை.

அங்கே எங்கள் விவகாரத்தைப் பார்க்கிற அதிகாரி தமிழர் என்று தெரிந்ததும் என் தங்கை சாமிக்கு நேர்ந்துகொண்டாள். "நம்மாளு அண்ணே. எப்படியும் வழி பண்ணுவாரு." நம்மாள் என்று நம்பி நான் வாங்கிய அடிகளை வரிசையாக அடுக்கினால் ஒரு மாடி கட்டலாம்.

"தவுக்கே! வாங்க வாங்க. நீங்களே வரணுமா?" என்று எழுந்து நின்றார் அதிகாரி. நல்ல இஸ்திரி போட்ட சட்டை. எங்களை உட்கார வைத்துவிட்டுக் கோப்பைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகத்திலிருந்து தவுக்கே இறங்கிப் போய்விட்டார்.

"ஏன் மொதல்லயே ரிஜிஸ்தர் பண்ணல?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். "ஆடி, அமாவாசைன்னு... நம்ம ஜனங்களே இப்படித்தான். அப்புறம் அரசாங்கத்தைக் குத்தம் சொல்றது."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நானே அதைவிடக் கேவலமாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் இவர் யார் திட்டுவதற்கு?

"அவளைத் திட்ட நான் இருக்கேன். அதுக்கு ஒங்களுக்குச் சம்பளம் இல்ல. பிள்ளை விஷயத்தைப் பேசுங்க."

"பேசலாம் தவுக்கே. ஈசியான வழி ஒண்ணு இருக்கு. அம்மா நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பிள்ளைக்கு எடுத்துட்டு வாங்க. வெளிநாட்டுப் பிள்ளைன்னு மனுப் போட்டு இடம் பாத்துடலாம். தலைவலி விட்டுச்சு."

தங்கையின் முகம் மலர்ந்தது. மகன்கூட நிமிர்ந்தான். பள்ளிக்கூடம் கிடைத்தால் போதுமே! வக்கீல் பெண் வாயைத் திறப்பதற்குள், அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத மருமகள் பேசினாள். அவள் தமிழில் மேடான் இழுவை உண்டு.

"வேணாம் சார்."

"என்னம்மா வேணாம்?"

"நான் இங்க விசாவுல இருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீட்டிக் கொடுக்கணும். ஒரு நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டா நான் பெட்டியைத் தூக்கணும். அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்தா இவளும் என் பின்னாடி வரணும். இவ அப்பா இங்க இருப்பாரு. இங்க பொறந்தவ சார் இவ. கப்பல்ல ஏறினதே இல்ல."

"குடியுரிமை மனுவுக்கும் அது குறுக்கே நிக்கும்" என்றாள் வக்கீல் பெண். "ஒரு நாட்டுப் பாஸ்போர்ட் கையில இருக்குன்னா, அப்புறம் இங்க எதுக்குன்னு கேப்பாங்க."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நான் என்ன பண்றது? பெத்தவங்க தப்புக்கு நானா பொறுப்பு?"

"நீங்க பொறுப்பில்ல. இந்தப் பிள்ளை பொறுப்பா?" என்று கேட்டேன். பிள்ளை அப்போது வக்கீல் பெண்ணின் பையில் தொங்கிய பொம்மையைத் திருகிக்கொண்டிருந்தாள். நீலப் பினாபோரோடுதான் வந்திருந்தாள். கழற்ற மாட்டேன் என்று அழுதாளாம். "இது என்ன தப்புப் பண்ணுச்சு? வயித்துக்குள்ள இருந்துக்கிட்டு ஆவணி வரைக்கும் பொறுக்கலன்னா? நாள்காட்டி பாத்து வெளிய வரணுமா? மூணாவது விதின்னு ஒண்ணு இருக்காமே. உங்க அரசாங்கமே ஒத்துக்கிட்டது. பிள்ளை நன்மைதான் மொதல்ல. இந்தப் பிள்ளை வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறதுல என்ன நன்மைன்னு எழுதிக் கொடுங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் கண்ணாடி போட்டு கடையில மாட்டுறேன்."

நான் சத்தமாகப் பேசுகிறவன். இரும்புச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை. அந்த மாடி முழுவதும் எட்டிப் பார்த்தது. "அங்கிள், ப்ளீஸ்" என்று என் கையைத் தொட்டாள் வக்கீல் பெண். பிறகு பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்தாள். பெற்றோரில் ஒருவர் குடிமக்களாக இருந்து, பிள்ளையின் பத்திரத்துக்கு மனுப் போட்டிருந்தால், மனு நிலுவையில் இருக்கும்போதே பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம், நிபந்தனை உண்டு. கல்வித்துறையே அனுப்பியது.

அதிகாரி அதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அவருக்கு முன்னமே தெரியும்.

"ஆங்... இப்படியும் ஒண்ணு இருக்கு" என்றார்.

"இருக்குன்னா ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே தவுக்கே."

இத்தனை வருடத்தில் என்னிடம் திருட்டு இரும்பை விற்கப் பார்த்தவர்கள், எடைக்கல்லில் ஈயம் ஊற்றியவர்கள், பணமில்லாத செக்கைக் கொடுத்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களில் ஒருவன்கூட என்னை இப்படிக் கொதிக்க வைத்ததில்லை. கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் கதவு. கேட்கத் தெரியாத எத்தனை தாய் தகப்பன் இந்த மேசைக்கு முன்னால் வந்து, கும்பிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள்? அவர்களோடு ஒரு வக்கீல் பெண் வந்திருக்க மாட்டாள். தொண்டை பெருத்த கிழவனும் வந்திருக்க மாட்டான்.

கடிதம் கிடைத்தது. பிள்ளைக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் தற்காலிகம். குடியுரிமை மனுவுக்குப் பதில் வரும்வரை வருடா வருடம் மறுபடி வந்து நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்குத் தற்காலிகம் கிடையாது. அவள் அப்பன் அம்மா எந்த மாதத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்காத விஷயம். பள்ளியில் பொங்கல் விழா. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, சிறப்பு விருந்தினராக அந்த அதிகாரி வருகிறார், நம் பிள்ளைக்கு உதவி செய்தவர், உங்கள் கையால் ஒரு பொன்னாடை போர்த்தினால் நன்றாக இருக்கும் என்றார். நன்றி சொல்வது தமிழர் பண்பாம்.

நம் சனத்தின் பெரிய வியாதி இந்தப் பொன்னாடை. அவனவன் சம்பளத்துக்குச் செய்யவேண்டிய வேலையை, அதுவும் இழுத்தடித்து, திட்டித் திட்டிச் செய்ததற்கு, நாம் சரிகைத் துண்டு வாங்கிக்கொண்டு போய்ப் போர்த்துவோம். போர்த்தும்போது படம் எடுப்போம். அந்தப் படத்தை வாட்சப்பில் போடுவோம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கூரைக்குக் கீழே. மைக்கில் என்னை அழைத்தார்கள். நான் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள். தலைமையாசிரியர் கையில் துண்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அதிகாரி சிரித்த முகமாக மேடையில் நின்றார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து என் தங்கை ஓடினாள். அறுபது வயதுக்காரி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியேறி, தலைமையாசிரியர் கையிலிருந்து துண்டை வாங்கி, அந்த ஆளுக்குப் போர்த்தினாள். போர்த்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். மண்டபம் கை தட்டியது. நான் தட்டவில்லை.

திரும்பும்போது காரில் சண்டை. நான்தான் ஓட்டினேன். பிள்ளை அவள் அம்மா மடியில் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மானத்தை வாங்கிட்டியே. அவன் என்ன அவன் சொத்தையா எழுதிக் கொடுத்தான்? அந்த நாற்காலி அவளோடது."

"உனக்கு என்ன அண்ணே? நீ பேசிட்டுக் கடைக்குப் போயிடுவே. அடுத்த வருஷமும் அந்த மேசைக்கு முன்னால நிக்கப்போறது நாங்க. அவரு நம்மளை ஞாபகம் வெச்சுக்கிட்டாத்தான் ஆகும்."

"அவளோடதுன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறே."

"அவளோடதுன்னா ஏன் வருஷா வருஷம் போய்க் கேக்கணும்?"

கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு அண்ணனிடம் கேட்கிறாள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கதவை அறைந்து சாத்தினாள், கண்ணாடி அதிர்ந்தது.

என் பங்குக்கு நான் ஒரு காரியம் செய்தேன். கோயில் கமிட்டியில் ஒரு விதி போட வைத்தேன். பதிவுத் திருமணப் பத்திரத்தைக் காட்டாமல் எங்கள் சந்நிதியில் தாலி ஏறாது. ஐயரே முணுமுணுத்தார். கமிட்டியில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். போகட்டும், போனவர்கள் பூசைக்கு வராமல் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள்தான். போன ஆடியில் ஒரு அம்மா, மகன் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வந்தாள். பதிவுத் தேதி ஆடியில் விழுகிறது, அதனால் தள்ளிப்போட்டிருக்கிறோம், தாலியை மட்டும் முதலில் கட்டிக்கொள்ளலாமா என்றாள்.

"ஆடியா? ரொம்ப நல்லது. அன்னைக்கே போடுங்க. சாட்சிக்கு நானே வரேன்."

"என்ன ஐயா, கோயில் தலைவரே இப்படிப் பேசுறீங்க? அம்மனுக்கே அடுக்காது!"

"அம்மன் என்கிட்ட பேசிக்கட்டும். நீங்க தேதியை மாத்தாம வாங்க."

போனேன். ஆடி மாதம், வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா என்னைச் சபித்துக்கொண்டே பக்கத்தில் நின்றாள். என் தங்கைக்கு இது தெரிந்ததும், ஊருக்கு முன்னால் தன்னைக் குத்திக் காட்டத்தான் இதைச் செய்கிறேன் என்று பேச்சை நிறுத்திவிட்டாள். நிறுத்தட்டும்.

ஆனால் பிள்ளையின் முதலாம் ஆண்டு முடிந்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மறுபடி அதே அலுவலகம், அதே மேசை, அதே பட்டாளம். தங்கை நல்ல புடவை கட்டிக்கொண்டு, பொங்கல் விழாப் படத்தைக் கைப்பேசியில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் போய் நின்றாள். இவள் போர்த்திய துண்டைத் தோளில் வாங்கிக்கொண்ட மனிதர் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன விஷயம்? பிள்ளை பேரு?"

தங்கையின் கைப்பேசி பாதி உயரத்தில் நின்றது. அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் பிள்ளை தானே முன்னால் வந்து, வகுப்பில் சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, தன் பெயரையும், அப்பா பெயரையும், பள்ளியின் பெயரையும், இரண்டாம் ஆண்டு என்றும் சத்தமாகச் சொன்னாள். தொண்டை எங்கள் வீட்டுத் தொண்டை.

அதிகாரி விரலால் விசைகளைத் தட்டினார். "சிட்டிசன் இல்லையே" என்றார், புதிதாகக் கண்டுபிடித்தவர்போல.

என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, "மூணாவது விதி" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.